நான் கதவாக இருந்த காலை

"நீ தர்வாஜா" என்றாள் முபீனா.
"கதவு டீச்சர்" என்று மொழிபெயர்த்தான் தேஜேஷ்.
டாக்டராக்குவார்கள் என்று எழுந்து வந்தவள் நான்.
நர்ஸ் வேலைகூடக் காலியில்லை.
"பழைய கதவு. தொறந்தா சத்தம் வரணும்."

பேர்ணாம்பட்டு. மணி பதினொன்று.
விடியலில் ஷூ கம்பெனி பஸ் ஏறிய அம்மாக்கள்
இந்நேரம் ஊசிக்கடியில் தோலை நகர்த்திக்கொண்டிருப்பார்கள்.
இங்கே அங்கன்வாடித் தரையில்
வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரி எழும்பிவிட்டது.
கிழிந்த பாய், வார்டு.
புளியங்கொட்டை, மாத்திரை.
விழுங்கக் கூடாது என்ற சட்டம் மட்டும் நான் போட்டது.
உடைந்த ஸ்கேலைக் கக்கத்தில் வைத்தால்
ஜுரம் நூத்தி ஆயிரம் என்கிறது.
எல்லோர் முகத்திலும் கவலை.

கைகளை அகட்டி நிற்கிறேன்.
கதவு பேசாது.
கதவுக்கு மூக்கு அரிக்கவும் கூடாது.

தேஜேஷ் கடிப்பவன்.
போன வாரக் கணக்கில் இரண்டு பிள்ளைகள், ஒரு பொம்மை,
என் சுண்டுவிரல்.
வரிசையில் நில் என்று சொன்னால்
தரையில் விழுந்து புரளுவான்.
இன்று அவனுக்குக் கால் முறிந்திருக்கிறது.
கையில் வேப்பிலை, டோக்கன் ஏழு.
ஐந்து போயிற்று.
ஆறு இரண்டு தடவை போயிற்று,
ஆறுக்கு ஊசி பிடித்துவிட்டது.
அவன் இலையைப் பார்க்கிறான்,
முறிந்த காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
காத்திருக்கிறான்.
நான்தான் சொல்ல முடியாதே, கதவு.

அப்போது வந்து நின்றார் சூப்பர்வைசர் பிரமீளா மேடம்.
போனை நீட்டினார்: போட்டோ ஏற வேண்டும்,
பாடவேளையில் பாடம் தெரிய வேண்டும்.
"என்னம்மா இது, நீ ஏன் இப்படி நிக்கிற?"
நான் பதில் சொல்லவில்லை.
இருபத்திரண்டு வருட வேலையில்
மேலதிகாரிக்குப் பதில் சொல்லாதது அன்றுதான்.
உள்ளேயிருந்து குரல் வந்தது:
"மூணு தடவ தட்டணும்."

மேடம் என்னைப் பார்த்தார்.
பின்னால் வெயில். சுவரில் எடை அட்டவணை.
என் தோளில் தட்டினார்,
ஒன்று, இரண்டு,
மூன்றாவது கொஞ்சம் மெதுவாக.
க்ரீ...ச் என்றேன்.
"செருப்ப கழட்டிட்டு வாங்க. டோக்கன் எட்டு."

மேடம் மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான்.
மாறவில்லை.
போட்டோ எடுத்தார், அதில் தேஜேஷின் கால் மட்டும் விழுந்தது.
'செயல்பாடு தெளிவாக இல்லை' என்று பதிவேட்டில் எழுதினார்.
போகும்போது மட்டும் வாசலில் நின்று,
நிஜ வாசலுக்கும் எனக்கும் நடுவில்,
எது வழி என்று ஒரு கணம் யோசித்தார்.
அது எனக்குப் போதும்.

முபீனாவின் தம்பி பனிக்காலத்தில்
பதினோரு நாள் அங்கே படுத்திருந்தான்.
பிழைத்து வந்துவிட்டான், இப்போது தவழ்கிறான்.
அந்தப் பதினோரு நாளும் இவளை
கண்ணாடிக் கதவுக்கு வெளியே
பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்களாம்.
சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளே அனுமதியில்லை.
அவள் அம்மா இதை வேறு எதற்கோ சொன்னாள்,
சத்துமாவுப் பையை வாங்கிக்கொண்டே.
அ, ஆ கேட்டால் வாய் திறக்காத பிள்ளை.
எண் கேட்டால் சுவரைப் பார்ப்பாள்.
தன் ஆஸ்பத்திரியில் நாற்பது டோக்கன் வரை கூப்பிட்டாள்.
பத்தொன்பதை விட்டுவிட்டாள்.
பத்தொன்பதுக்கு ஜுரம் சரியாப்போச்சாம்.

நான்கு மணிக்குக் கை வலிக்க வலிக்க
மீதிக் கட்டங்களை நிரப்பினேன்.
முட்டை: பதினாறு.
கற்பித்தல் உபகரணம்: கதவு, ஒன்று.
அடித்துவிட்டு 'படங்கள்' என்று எழுதினேன்.
அடித்ததும் தெரிகிறது, தெரியட்டும்.

பெரியம்மா கையைப் பிடித்துத் தெருமுனை வரை போனவள்
விடுவித்துக்கொண்டு ஓடி வந்தாள்.
"நாளைக்கும் நீதான் தர்வாஜா."
மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:
"தாப்பா மட்டும் வேணாம்."